வளர்த்திக்கு விட்ட துணி

மங்கலம் ஊரைத் தாண்டியபோது வெயில் இறங்கியிருந்தது. தோளில் பை. திருப்பூரில் நான் குடியிருந்த லைன் வீட்டை விட்டுச் சோமனூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பஸ் ஏறியிருக்கலாம். காலையில் பக்கத்து வீட்டுக் குழந்தை கத்தியது இன்னும் காதில் இருந்தது. ஓரிடத்தில் உட்கார்ந்தால் அதிகமாகக் கேட்கும் என்று நடந்தேன்.

அந்தப் பெண் குழந்தைக்கு நான்கு வயது. கொதிக்கிற கஞ்சி வலது கையில் கொட்டிவிட்டது. நான் குடிவந்தபோது புண் ஆறியிருந்தது. ஆறின இடம்தான் அடங்கவில்லை. சிவந்து, தடித்து, முறுக்கின கயிறு மாதிரி எழும்பி, முழங்கை மடிப்பை இழுத்துப் பிடித்தது. கையை நீட்டினால் பாதியில் நின்றுவிடும். அரிப்பு வேறு. தூக்கத்தில் கையைச் சுவரில் தேய்க்கும். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்கு அது கேட்கும்.

ஆஸ்பத்திரியில் வழி சொல்லியிருந்தார்கள். கையோடு இறுகப் பிடிக்கும் உறையை இரவும் பகலும் போட வேண்டும். தினமும் கழற்றி, தழும்பில் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்து, கையை மெல்ல நீட்டிவிட வேண்டும். விட்டால் கை மடங்கியே நின்றுவிடும், பிறகு ஆபரேஷன்தான்.

தேய்க்க ஒருவர், பிடிக்க ஒருவர் வேண்டும். குழந்தையின் அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் இரவு வேலை. காலையில் வந்து எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்ததும் திரும்பச் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். "என்னால பாக்க முடியாதுங்க" என்பார். அதனால் குழந்தையின் அம்மா என்னைக் கூப்பிட்டாள். எனக்கு நிலையான வேலை கிடையாது. போய்ப் பிடித்தேன்.

அவள் பனியன் கம்பெனியில் டெய்லர். ஆஸ்பத்திரி உறை துவைத்துத் துவைத்துத் தொளதொளத்ததும், "இதென்னங்ணா பெரிய வித்தை, இழுத்தா நீள்ற லைக்ரா துணிதானுங்களே" என்று கம்பெனி வெட்டுத் துணியில் தானே ஒன்று தைத்தாள். சுத்தமான தையல். ஓரத்தில் லேஸ்கூட வைத்தாள். குழந்தை அழாமல் போட்டுக்கொண்டது. எங்களுக்கெல்லாம் அது நல்ல அறிகுறியாகத் தெரிந்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். பிசியோதெரபி அம்மா உறைக்குள் விரலை விட்டார். தடையில்லாமல் போனது.

"யாரும்மா தைச்சது?"

"நானேதானுங்க."

"அழகா இருக்கு. கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போலாம். தழும்ப எங்க அழுத்துது?"

"வளர்ற புள்ளைங்களே. கொழந்த உடுப்புன்னா வளத்திக்குக் கொஞ்சம் விட்டுத்தானுங்க தைப்போம்."

"புள்ள வளந்தா வேற தைக்கலாம். இப்ப உறைக்குள்ள தழும்பில்ல வளந்திருக்கு?"

அவள் உறையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். அங்கே எடுத்துக் கொடுத்த அளவுக்கு அன்று சாயங்காலமே புது உறை தைத்தாள். லேஸ் வைக்கவில்லை.

மறுநாள் காலை நான் உள்ளே போனதும் குழந்தை கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டது. "மாமா, இன்னிக்கு வேண்டாமுங்க" என்றது.

எத்தனையோ ஊரில் அடி வாங்கியிருக்கிறேன், பட்டினி கிடந்திருக்கிறேன். என்னைப் பார்த்து யாரும் இப்படி மரியாதையாகக் கெஞ்சியதில்லை. இருந்தும் பிடித்தேன். தேய்த்து முடித்து, புது உறையை ஏற்றும்போதுதான் அந்தக் கத்தல்.

"நான் கெளம்பறேன் அம்மிணி" என்றேன்.

"நீங்க போயிட்டா ஆருங்ணா புடிப்பா?"

"அவங்கப்பன் இருக்காரில்ல."

"அவரா? எண்ணெ வாசம் அடிச்சாலே ஊட்ட விட்டு ஓடற ஆளுங்க."

அதற்கு மேல் நான் நிற்கவில்லை.

அன்று ராத்திரி சோமனூர் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். எங்கோ ஒரு கைக்குழந்தை பாலுக்கு அழுதது. எழுந்து வேறு இடத்தில் படுத்தேன். அங்கே யாரும் அழவில்லை. ஆனாலும் கேட்டது.

விடிந்து வெயில் ஏறியதும் ஒரு தறிக்கூடத்து வாசலில் வேலை கேட்க நின்றேன். உள்ளே கூப்பிடுமுன் போன் செய்தேன்.

"இன்னிக்குத் தேய்ச்சியா அம்மிணி?"

"தேய்ச்சேனுங்க. அவங்கப்பன்தான் புடிச்சாரு. செருப்ப எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன், எங்க போவாரு? புள்ளையவிட அவருதான் அழுதாருங்க."

"கை நீண்டுச்சா?"

"நேத்து வந்த வரைக்கும் வந்துச்சுங்க. அதுக்கு மேல வரல. சாயங்காலம் மறுக்காப் பாக்கோணும். அவரே புடிக்கறேன்னு சொல்லியிருக்காரு."

"என்னைக் கேட்டுச்சா?"

"ஆராச்சும் வந்தா கையப் பின்னால வெச்சுக்கிட்டு கதவையே பாக்குதுங்க. வாறது அவங்கப்பனா இருந்தாலும்."

போனைப் பையில் போட்டேன். தறிக்காரர் வெளியே வந்து என்ன வேலை தெரியும் என்றார். சொல்வதைச் செய்வேன் என்றேன். ஓடுகிற தறியில் அறுந்துபோகும் நூலைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடும் வேலையைக் கொடுத்தார். மத்தியானம் வரை முடிச்சுப் போட்டேன்.