ஆகாத காய்

வளைகுடாவில், ராஸ் லஃபானில் நான் பைப் ஃபிட்டராக இருந்தபோது எங்கள் ஃபோர்மேன் ஓர் எகிப்துக்காரர். குளிர்காலத்தில் ஒருநாள் சைட்டுக்குப் பை நிறையப் பச்சைக் காய் கொண்டுவந்தார். பார்க்க நம்மூர் மொச்சை போலத்தான், கொஞ்சம் தடிமன். அரபியில் இதற்கு ஃபூல் என்று பெயர் என்றார். உரித்து, உப்புத் தொட்டுப் பச்சையாகவே தின்றோம். கேம்ப் மெஸ்ஸின் பருப்புத் தண்ணீரில் செத்துப்போயிருந்த நாக்குக்கு அது ருசித்தது. நான்தான் அதிகம் தின்றேன்.

மறுநாள் இடுப்பு வலித்தது. அதற்கடுத்த நாள் சிறுநீர் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் போயிற்று. கண் மஞ்சளாகிவிட்டது. ஏணியில் பாதிக்கு மேல் ஏற முடியவில்லை.

ரூமில் எனக்கு மேல் கட்டிலில் இருந்தவன் பரமக்குடிக்காரன். இருவரும் ஒரே விமானத்தில் வந்தவர்கள். அவன்தான் சொன்னான்: "மாப்ள, இது ஒட்டுற காமாலைடா. தப்பா நெனக்காத, ஒன் தட்டு டம்ளர வெளிய வச்சுக்க." நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் மெத்தையும் வராந்தாவில் கிடந்தது.

அங்கேயே மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். சூடான் டாக்டர் என்ன தின்றேன் என்றுதான் முதலில் கேட்டார். அவர் சொன்னதைக் கேரள நர்ஸ் எனக்குச் சொன்னாள். "சேட்டா, இது ஒட்டுற அசுகம் அல்ல. உங்க ரத்தத்துக்கு அந்தக் காய் ஆகாது. பிறவியிலே உள்ளது. அம்மா வழியா ஆண்பிள்ளைக்கு வரும். சில மலேரியா மாத்திரையும் ஆகாது. வீட்ல வேற யாருக்காவது வந்திருக்கா?"

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். பள்ளிக்கூடம் போகிற வயதில் மலேரியா வந்து மாத்திரை கொடுத்தார்கள். இதே கறுத்த சிறுநீர், இதே மஞ்சள் கண். காமாலை என்று பச்சிலை அரைத்துக் கொடுத்தும் பிழைக்கவில்லை. ஒரு வேளையும் தவறாமல் அவனுக்கு மாத்திரை கொடுத்தது அம்மா.

ஆஸ்பத்திரியிலிருந்தே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"என்னய்யா, கொரலு இப்புடிக் கெடக்கு? அண்ணனுக்கு வந்த மாதிரியா?"

"இல்லம்மா. சாப்பாடு ஒத்துக்கல."

"நேரத்துக்கு மாத்தரயப் போடுய்யா."

சரி என்றேன்.

கேம்ப்புக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். பரமக்குடிக்காரன் நம்பவில்லை. "மொச்ச தின்னா கண்ணு மஞ்சளாகுமா? கத விடாத மாப்ள." கேம்ப் பாஸ் என்னை ஸ்டோர் பக்கத்து ரூமுக்கு மாற்றிவிட்டார். ஒப்பந்தம் முடியும்வரை தனியாகத்தான் சாப்பிட்டேன்.

ஊருக்குப் போனபோது அக்கா மடியில் ஆண்குழந்தை. அவளைத் தனியே கூப்பிட்டு, பிள்ளைக்கு எதையெல்லாம் கொடுக்கக் கூடாது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே வந்தவள், "அப்ப அண்ணன்?" என்றாள்.

அடுப்படியில் அம்மா இருந்தாள். "மெதுவாப் பேசு" என்றேன்.