சோளப்பொரியை மிதித்தவன்

பக்கத்து வீட்டுப் பெண்மணி எனக்குச் செய்வினை வைத்துவிட்டார் என்று பதினொரு நாள் முழுதாக நம்பியிருந்தேன். ஸ்காபரோவில், பதினாலாம் மாடியில், ஹீற்றர் போட்ட வீட்டில், பட்டம் படித்த ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

என் வலது காதுக்குக் கீழே பாக்கு அளவில் ஒரு கட்டி. பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை டொக்டர் அதில் ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்து அனுப்பினார். முடிவு வர இரண்டு கிழமை ஆகும், யோசிக்க வேண்டாம் என்றார். அவர் சொன்ன அந்த நிமிடத்திலிருந்து நான் வேறொன்றும் செய்யவில்லை, யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். யார் யார் என் சாவு வீட்டுக்கு வருவார்கள், யார் பார்க்கிங் இல்லை என்று சாட்டுச் சொல்லி வராமல் விடுவார்கள் என்பதுவரை யோசித்தாயிற்று.

திங்கட்கிழமை காலை மிசிசாகாவுக்கு வேலைக்கு வெளிக்கிட்டுக் கதவைத் திறந்து காலை வைத்தேன். கறுக் என்றது. கீழே பார்த்தால் சோளப்பொரி. உப்பில்லை, பட்டர் வாசம் இல்லை, வெள்ளை வெளேரென்று கொரிடோர் நீளத்துக்கு ஒரு கோடு போல, சரியாக என் வாசலைத் தாண்டிப் போயிருந்தது.

நான் மட்டக்களப்பான். எங்கள் பக்கத்தில் வருத்தம் வந்த நோயாளியின் தலையைச் சுற்றிக் கழித்த சாமான்களைக் கொண்டுபோய்ச் சந்தியில் போடுவார்கள். பொரியும் அதில் இருக்கும். தெரியாமல் மிதித்தால் அந்த வருத்தம் மிதித்தவனுக்கு. சின்ன வயதில் சந்தியைக் கண்டாலே நொண்டி விளையாட்டுப் போலத் தாவித் தாவிப் போனவன், கனடா வந்து சொந்த வாசலில் மிதித்துவிட்டேன்.

மனைவி யாழ்ப்பாணம். விஷயத்தைச் சொன்னவுடன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"கலியாணம் பேசேக்க என்ரை ஆக்கள் என்ன சொன்னவை? மட்டக்களப்பு மாப்பிள்ளை, மந்திரம் போட்டு மயக்கிப்போடுவார் எண்டு. இப்ப பாத்தா மந்திரக்காரர் பொப்கோனுக்குப் பயப்பிடுறார்."

"சப்பாத்தாலைதான் மிதிச்சனான். பனிச் சப்பாத்து. அதுக்குள்ளாலை ஏறுமே?"

"ரண்டு இஞ்சி ரப்பர், அப்பா. பேய்க்கும் கஷ்ரம்தான்."

அவள் சிரித்தது எனக்கு உதவவில்லை. நான் துப்பறியத் தொடங்கினேன். பொரிக்கோடு தொடங்கிய இடம் பக்கத்து வீட்டு வாசல். அங்கே இருப்பவர் பிரேசில் நாட்டுக் கறுப்பினப் பெண்மணி, பாகியா என்ற பகுதி, என் வயதுதான் இருக்கும், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் தலைத்துணி முதல் காற்சட்டை வரை வெள்ளை மட்டும் உடுப்பார். கழுத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு மணிமாலை. நான்கு வருடமாக எலிவேற்றரில் 'ஹலோ நெய்பர்' என்று சிரித்துக்கொண்டு போனவர். அந்தச் சிரிப்பை எல்லாம் ஞாபகத்தில் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஏதோ இருந்தது போலிருந்தது.

வாசலில் தேசிக்காய் வெட்டிக் குங்குமம் தடவி வைத்தேன். தமிழ்க் கடையில் வேப்பிலை வாங்கி ஒரு கொத்தைக் கோட்டுப் பொக்கெற்றில் செருகிக்கொண்டேன். கட்டியை நாளுக்கு நாற்பது தரம் தடவினேன். பெரிதாகிக்கொண்டு வந்தது. விரல் வீங்கியிருந்தாலும் அப்படித்தான் இருக்குமென்று மனைவி சொன்னாள்.

அடுத்த திங்களும் பொரி. இந்த முறை நான் ஒரு கோழை செய்யக்கூடிய மிக நாகரிகமான வேலையைச் செய்தேன். கட்டடத்தைப் பராமரிக்கிற சூப்பருக்கு ஈமெயில் எழுதினேன். செய்வினை என்று எழுதவில்லை, சுகாதாரம் என்று எழுதினேன். கொரிடோரில் சாப்பாட்டுச் சாமான் கொட்டுப்படுகிறது, எலி வரும், ஆவன செய்யவும்.

புதன்கிழமை சூப்பர் முதலில் என் கதவைத்தான் தட்டினார், எந்த வீடு என்று கேட்க. கதவு தட்டுப்பட்டால் என் வலக்கை தானாகச் சேட்டுப் பொக்கெற்றுக்குப் போகும். ஊரில் அடையாள அட்டை வைத்த இடம். ஆமிக்காரன் தட்டிய காலத்தில் பழகிய கை. அந்தக் காலம் முடிந்ததென்று முப்பது வருடமாயும் அதற்கு யாரும் சொல்லவில்லை போல. தொட்டுப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து, பக்கத்து வீட்டைக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை, முடிவு கேட்கப் போகும் நாள், பஸ் தரிப்பில் அந்தப் பெண்மணி நின்றார். கறுப்புக் கோட், கறுப்புக் காற்சட்டை, தலையில் துணி இல்லை, கழுத்தில் மாலை இல்லை. வெள்ளிக்கிழமை கறுப்பா? டொக்டருக்கு முன்பே இவருக்கு முடிவு தெரிந்துவிட்டது, துக்கம் காக்கத் தொடங்கிவிட்டார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"நெய்பர்," என்றார். இருவருக்கும் ஆங்கிலம் உண்டு, வேறு வேறு இடத்தில் உடைந்தது. "உங்கள் வாசலில் தேசிக்காய் வைத்திருப்பது எனக்காகவா?"

"இல்லை இல்லை. எலிக்கு."

"எலிக்குத் தேசிக்காய்." றோட்டைப் பார்த்தார். "அப்போ எலியென்று எழுதியது நீங்கள்தான்."

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். அது எனக்குத் தேவையான நாளில் வந்ததே இல்லை.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பயம் குறைந்திருக்கும். மெதுவாகச் சொன்னார். அவருடைய முன்னோரை ஆபிரிக்காவில் பிடித்து, கப்பலின் அடித்தட்டில் சங்கிலி போட்டுக் கொண்டுவந்து கரும்புத் தோட்டங்களுக்கு விற்றார்களாம். பெயரை எடுத்துவிட்டார்கள், உடுப்பை எடுத்துவிட்டார்கள். தலைக்குள்ளே இருந்த தெய்வங்களை மட்டும் சோதித்துப் பறிக்க முடியவில்லை. அதில் ஒருவர் அம்மை நோய்க்கு உரியவர். கப்பலிலும் தோட்டத்திலும் அம்மை வந்தபோது அவரைத்தான் கூப்பிட்டார்கள். பொரி அவருடைய சாப்பாடு. உடம்பில் வெடித்த கொப்புளமெல்லாம் பொரியாகப் பூத்ததென்று கதை.

"எசமான் பார்த்தால் அடி. அதனால் முன்னுக்கு ஒரு புனிதரின் சிலை, பின்னுக்கு எங்கள் தெய்வம். அடிமைகளை விடுதலை செய்த பிறகும் பொலிஸ் வந்து மேளத்தை உடைத்தது. என் அம்மாவின் காலத்தில்கூட மேளம் தட்டப் பொலிசிடம் அனுமதி வாங்க வேண்டும்."

கோட்டுப் பொக்கெற்றுக்குள் என் விரலில் வேப்பிலை தட்டுப்பட்டது. ஊரில் எனக்கு அம்மாள் வருத்தம், அதே அம்மை, வந்தபோது என்னைக் கிடத்தியது அதன்மேல்.

"புதன்கிழமை சூப்பர் தட்டினார்," என்றார். "நான் யோசிக்கவே இல்லை. கை போய்த் துணியை இழுத்து என் தெய்வத்தை மூடிவிட்டது. மாலையைக் கழற்றிவிட்டது. பிறகுதான் கதவைத் திறந்தேன். அந்தக் காலம் எனக்குத் தெரியாது, நெய்பர். என் கைக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கு வெள்ளை உடுக்கவும் அது விடவில்லை."

பகிடி விடாமல் நான் நின்ற நேரங்கள் குறைவு, அது ஒன்று. ஆமிக்காரனுக்கு வீட்டைக் காட்டிக் கொடுக்கிற ஆட்கள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். அவர்களுடைய முகம் எப்படி இருந்திருக்கும் என்று அந்தத் தரிப்பின் கண்ணாடியில் பார்த்தேன்.

கடைசியில் கேட்டுவிட்டேன். "அந்தப் பொரி ஆருக்கு? எனக்குக் கழுத்தில் ஒரு கட்டி இருக்கு…"

"உங்களுக்குக் கட்டியா?" உண்மையாகவே திடுக்கிட்டார். "எனக்குத் தெரியாதே. நான் வேலை செய்யும் இடத்தில் காய்ச்சல். இரண்டு கிழவிகள் போய்விட்டார்கள். மற்றவர்களுக்காகத் திங்கட்கிழமைகளில் பொரித்து, பின்பக்கத்து மரங்களடியில் கொண்டுபோய்ப் போடுகிறேன். பையில் ஓட்டை. சூப்பர் காட்டித்தான் கண்டேன்."

பஸ் வந்தது. அவர் முன்னுக்குப் போய் இருந்தார், நான் பின்னுக்கு.

அது கொழுப்புக் கட்டி என்றார் டொக்டர். ஒன்றும் செய்யத் தேவையில்லையாம். போனில் சொன்னேன்.

"கொழுப்பு எண்டு நான் இருவது வருஷமாச் சொல்லுறன், ஆர் கேட்டது?" என்று சொல்லிவிட்டு மனைவி நிறைய நேரம் அழுதாள்.

சூப்பரிடம் போய் முறைப்பாட்டைத் திரும்ப எடுக்கிறேன் என்றேன். அது பதிந்தாயிற்று என்றார். பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டேன். நான் தட்டியதற்கும் முதலில் உள்ளே ஏதோ அவசரமாக நகர்த்துகிற சத்தம் கேட்டது. பரவாயில்லை என்றார், உள்ளே கூப்பிடவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஒரு பையில் ஓட்டை இருந்தது. என் வாசலில் இருந்த தேசிக்காயை நான் எடுத்துவிட்டேன். போன கிழமை அவருடைய கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே தெய்வத்தின்மேல் துணி இன்னும் மூடியபடி இருந்தது.