மூன்றாம் இடத்துக்கான ஆட்டம்

எங்கள் மூத்தவன் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது, சின்னக் கல்லூரிகளுக்கென்று நடக்கும் அகில இந்திய ஆண்கள் கூடைப்பந்துப் போட்டி எங்கள் ஊர் மைதானத்திலேயே நடந்தது. அவன் படித்தது புதுக்கோட்டை போகிற ரோட்டில் உள்ள ஒரு கல்லூரி. ஒரே ஒரு மாடிக் கட்டடம், அதற்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தளம், இரண்டு வளையம், அவ்வளவுதான். இதைப் படிக்கிற, கூடைப்பந்து தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஐந்து பேர் ஆடுவார்கள். உயரமானவர்கள் வளையத்துக்குப் பக்கத்தில் நிற்பார்கள். ஒருவன் மட்டும் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே வந்து, யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வான். அவன் குட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தக் குட்டையன்தான் எங்கள் வீட்டுப் பையன்.

போட்டிக்கு முந்தின வாரம் சாப்பிடும்போது சொன்னான்.

"யப்பா, நீங்க மேட்ச் பாக்க வராதீய."

"ஏம்ல?"

"நீங்க சும்மா உக்கார மாட்டீய. கைய ஆட்டுவீய. போன வருசம் பயலுவ கேலி பண்ணுனானுவ. ‘ஏலே, ஒங்கப்பா காலரியில உக்காந்து கப்பல் இறக்குதாரு’ன்னு."

எட்டாம் வகுப்பு படிக்கிற என் மகள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தாள். புரை ஏறி, அவள் அம்மா தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

அவன் சொன்னதில் தப்பில்லை. நான் துறைமுகத்தில் சிக்னல்மேன். கப்பலின் நடுவே சரக்கு இறங்குகிற பெரிய பள்ளம் இருக்கும். அதன் விளிம்பில் நான் நிற்பேன். கிரேன் ஓட்டுகிறவர் மேலே கண்ணாடிக் கூண்டில் இருப்பார். பள்ளத்துக்குள் நடப்பது அவருக்குத் தெரியாது. என் கையைப் பார்த்துத்தான் ஓட்டுவார். விரலை மேலே காட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு. அதற்கு வாய்வார்த்தையும் உண்டு, ‘ஆரியா’ என்போம். ஆனால் அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? இரண்டு கையையும் பக்கவாட்டில் அகலமாக விரித்தால், நிறுத்து.

இந்த நிறுத்து மட்டும் தனி. தூக்கு, இறக்கு என்பதை நான் மட்டும்தான் காட்டலாம். நிறுத்து என்று யார் வேண்டுமானாலும் காட்டலாம். தளத்தைப் பெருக்குகிறவர் காட்டினாலும் கிரேன் நின்றாக வேண்டும். ஏன் நிறுத்தினாய் என்று கேட்பதெல்லாம் அப்புறம். வீணாக நிறுத்தியதற்காக என்னை இதுவரை ஒருவரும் திட்டியதில்லை. நிறுத்தாமல் விட்டால்தான் ஆள் போய்விடும்.

இதை நான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். அப்போது எங்கள் வீடு லாரி போகிற ரோட்டின் ஓரத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் எதிர்ப்பக்கம். உப்பு லாரியும் கண்டெய்னர் லாரியும் கண்மண் தெரியாமல் போகும். மூத்தவன் ஒன்றாம் வகுப்புப் படிக்கையில், மாலையில் நான் இந்தப் பக்கம் நின்று கையை விரிப்பேன். அவன் அந்தப் பக்கம் தூக்கிய காலைத் தூக்கியபடியே நிற்பான். நான் கையை இறக்கின பிறகுதான் அடுத்த அடி வைப்பான். ‘யாரு கைய விரிச்சாலும் நிக்கணும், யோசிக்கக் கூடாது’ என்று சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அவனும் அதை ஒரு விளையாட்டு மாதிரி எடுத்துக்கொண்டான். தெருவில் பம்பரம் விடும்போது, சைக்கிள் ஓட்டும்போதெல்லாம் லாரியைக் கண்டு நான் கையை விரித்தால் சிலை மாதிரி நின்று சிரிப்பான்.

போட்டி தொடங்கியது. முதல் ஆட்டங்களுக்கு நான் போகவில்லை. எனக்குக் கப்பலில் காற்றாலை இறக்கை ஏற்றுகிற வேலை. ஒரு இறக்கை ஒரு தெரு நீளம் இருக்கும். காற்றடித்தால் தானாகத் திரும்பும். அதில் கவனம் பிசகக் கூடாது. போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். எனக்கோ நிலைகொள்ளவில்லை. ஒரு இறக்கை ஏறி அடுத்தது வருவதற்குள் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடந்தேன். கிரேன் ஓட்டுகிறவர் இறங்கி வந்து கேட்டார்: "என்ன அண்ணாச்சி, செருப்புல முள்ளு குத்திட்டோ? நிக்கவே மாட்டேங்கியளே." சாப்பாட்டு நேரத்தில் லாக்கருக்கு ஓடிப் போனை எடுத்தால், ‘ஜெயிச்சாச்சு’ என்று மகள் அனுப்பியிருப்பாள். ஒரே ஒரு வார்த்தை. எத்தனைக்கு எத்தனை, இவன் எப்படி ஆடினான், ஒன்றும் இருக்காது. மறுபடி மேலே ஏறி நடப்பேன்.

இப்படி எங்கள் பிள்ளைகள் அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். ஊரே பேசியது. அதற்கு மேலும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்து, அவனிடமே கேட்டேன். அவன் ஷூ நாடாவைக் கட்டி முடித்தான்.

"வாங்க. ஆனா தூரமா உக்காருங்க. கைக்கு வேல குடுக்காதீய."

தூரமாகத்தான் உட்கார நினைத்தேன். நானும் மகளும் போய்ச் சேரும்போது இரண்டு பக்கக் காலரியும் நிரம்பி வழிந்தது. ஒரு வளையத்துக்கு நேர் பின்னால் மட்டும் இடம் இருந்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தேன்.

எதிரணி பஞ்சாபிலிருந்து வந்தவர்கள். ஒவ்வொருவனும் பனை மாதிரி. எங்கள் பிள்ளைகள் அவர்கள் கைக்கு அடியில் புகுந்து புகுந்து ஆடினார்கள். முதல் பாதி முழுக்க நான் உட்காரவும் எழும்பவுமாக இருந்தேன். பின்னால் இருந்த ஒருவர் சொன்னார்: "அண்ணாச்சி, ஒண்ணு உக்காரும், இல்லன்னா நில்லும். எனக்குக் கழுத்து வலிக்கி."

கடைசிக்கு வந்தாயிற்று. இன்னும் பதினெட்டு விநாடி. எங்கள் பிள்ளைகள் ஒரு புள்ளி முன்னால். பந்து மகன் கையில். அவன் இரண்டு பேரை ஏமாற்றி வெளியே வந்து, நான் இருந்த பக்கத்து வளையத்தை நோக்கி ஓடி வந்தான். எதிரே ஒருவருமில்லை. பக்கத்தில் ஒரு நெட்டையன் மட்டும் தடுப்பதற்காகக் கூடவே ஓடி வந்தான். அவன் வேர்வையில் வழுக்கி விழுந்தான். காலை நீட்டியபடி சறுக்கிக்கொண்டு மகனுடைய பாதைக்குக் குறுக்கே வந்தான்.

எனக்கு அந்த நீட்டிய கால் மட்டும்தான் தெரிந்தது. புள்ளி தெரியவில்லை, ஆட்டம் தெரியவில்லை. எழுந்து இரண்டு கையையும் விரித்தேன்.

மகன் நின்றுவிட்டான். ஓடுகிற ஆள் மெல்ல மெல்ல நிற்பானே, அப்படி இல்லை. ஒன்றாம் வகுப்பில் நின்ற மாதிரி நின்றான். விழுந்தவன் அதற்குள் கோட்டுக்கு வெளியே போய்விட்டான். பின்னால் வந்தவன் பந்தைத் தட்டிப் பறித்து, அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டான். ஒரு புள்ளியில் தோற்றோம்.

"ஏலே, பஸ்ஸுக்கா நிக்க?" என்று காலரியிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள், சிலர் வைதார்கள். நான் கையை இறக்கியதும் உட்கார்ந்ததும் எனக்கு ஞாபகம் இல்லை.

அவனுடைய கோச் விளாத்திகுளத்துக்காரர், வெடி மாதிரிக் குரல். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"ஏம்ல நின்ன?"

மகன் தரையைப் பார்த்தான்.

"கேக்கேம்லா. ஒருத்தனும் இல்ல முன்னால. ஏம்ல நின்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

மகன் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தான்.

"சரி. நாளைக்குக் காலைல மூணாவது எடத்துக்கு மேட்ச். நீ சட்டையப் போட்டுட்டு வந்து பெஞ்சில உக்காரு. எந்திரிக்கவே வேண்டாம்."

அதுதான் அவன் கல்லூரிக்காக ஆடப்போகிற கடைசி ஆட்டம். அப்போதே நான் இறங்கிப் போய், ‘சார், தப்பு என்னுது’ என்று சொல்லியிருக்க வேண்டும். பத்தடி தூரம்தான். கால் போகவில்லை. பிள்ளைகளா, இதையும் மறைக்காமல் எழுத வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது மகள் சொன்னாள்: "யப்பா, அண்ணன் ஒங்களப் பாத்துத்தான் நின்னான். நான் கண்ணால பாத்தேன்."

"ஒன் வாய வச்சுக்கிட்டு சும்மா வா."

"நான் சும்மா வாரேன். நீங்க சொல்லீருங்க."

அவன் வந்து குளித்துவிட்டுப் படுத்துக்கொண்டான். அவன் அம்மா மீன் குழம்போடு தட்டைக் கொண்டுபோய் வைத்தாள். தொடவில்லை. நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். ஒரு தடவை பக்கத்தில் போய், "மக்கா, நேத்தைக்கு வரைக்கும்..." என்று என்னவோ உளற ஆரம்பித்தேன்.

"விடுங்கப்பா" என்றான். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கோபமாகக் கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

காலையில் அவன் கிளம்புவதற்கு முன்னாலேயே நான் மைதானத்துக்குப் போய்விட்டேன். கோச் மட்டும் இருந்தார். ஒரு நாற்காலியில் ஏறி, அறுந்த வலையை வளையத்தில் கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், நேத்து அவன் நின்னது என்னாலதான். நான் கைய விரிச்சிட்டேன்."

"இறங்கிக்கிடுதேன், இருங்க." இறங்கினார். "என்ன அண்ணாச்சி, மவனக் காப்பாத்த வந்தியளா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல், கிரேன், லாரி ரோடு, ஒன்றாம் வகுப்பு. அவர் முகத்தில் நம்பிக்கையே இல்லை.

"அப்பன் கைய விரிச்சான்னு இருபது வயசுப் பய நிப்பானா?"

"அவன் நிப்பான் சார்."

அதற்குள் பிள்ளைகள் வந்து, தளத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்துவிட்டார்கள். மகன் கடைசியில் தனியாக ஓடி வந்தான். கோச் அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தா வாரான். விரிங்க பாப்போம். நின்னான்னா நம்புதேன்."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "மாட்டேன் சார். அதச் சும்மா காட்டக் கூடாது. சும்மா காட்டுனா அடுத்த தடவ நிக்க மாட்டான். அவன் இல்லன்னாலும் வேற ஒருத்தன் சாவான்."

கோச் கையிலிருந்த வலைக்கயிற்றை மடித்துப் பையில் வைத்தார்.

"சரி. நம்புதேன். ஆனா எங்கிட்டச் சொன்னா போதாது. பயலுவ எல்லாம் அவன்கிட்ட பேசாமக் கெடக்கானுவ. வாங்க, அவனுவகிட்டச் சொல்லுங்க."

விசிலை ஊதிக் கூப்பிட்டார். பன்னிரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார்கள். கப்பலில் நூறு பேருக்கு நடுவே நிற்கிறவன் நான். ஆனால் இந்தப் பன்னிரண்டு பேர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றேன். எப்படியோ சொல்லி முடித்தேன். தப்பு என்னுடையது, அவன் சின்ன வயதிலிருந்தே அப்படிப் பழகியவன், என்னை மன்னிச்சுக்கிடுங்க தம்பிகளா என்றேன்.

மகன் முகம் சிவந்துவிட்டது. "யாருப்பா ஒங்கள இங்க வரச் சொன்னா?"

அணியிலேயே உயரமானவன் அவன் பக்கம் திரும்பினான். "ஏலே, இத நேத்தே சொல்லித் தொலச்சிருக்கலாம்லா?"

"சொன்னா எங்கப்பாவ வைவீய."

"இப்ப மட்டும் வைய மாட்டோமா?"

ஒருவன் சிரித்தான். பிறகு இன்னும் இரண்டு பேர். உயரமானவன் என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டான். "அங்கிள், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். இன்னைக்கு மட்டும் ரிங்குக்குப் பின்னால உக்காராதீய." மகன் சிரிக்கவில்லை. ஆனால் அவன் முதுகில் ஒருவன் தட்டினான், அவன் அதைத் தள்ளிவிடவில்லை.

கோச் மனம் மாறினாரா என்றால், பாதிதான். "மொதப் பாதி பெஞ்சிலதான் இருக்கணும்" என்றார். "அப்பா நிறுத்துனது அப்பா தப்பு. என்னையப் பாக்காம காலரியப் பாத்தது இவன் தப்பு." எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் பிந்தின பாதியில் இறக்குவேன் என்று அவர் வாயால் சொல்லவில்லையே.

அன்றைக்கு எதிரணி கேரளத்துப் பிள்ளைகள். நான் காலரிக்கே போகவில்லை. புள்ளிப் பலகைக்குப் பின்னால், வேப்பமரத்து அடியில் நின்றேன். அங்கிருந்து தளம் தெரியாது. மகனுக்கும் நான் தெரியமாட்டேன். பலகையில் எண் மாட்டுகிறவரிடம் நிமிடத்துக்கு ஒருதரம் கேட்டேன்.

"எம்புட்டு அண்ணாச்சி?"

"ஆறு பின்னால."

"அந்தக் குட்டப் பய எறங்கிட்டானா?"

"எந்தக் குட்டப் பய?"

"பெஞ்சில இருப்பான்லா. முடிய ஒட்ட வெட்டியிருப்பான்."

"உக்காந்துதான் இருக்கான்."

பாதி முடியும்போது ஒன்பது பின்னால். இடைவேளையில் அந்த மரத்தை எத்தனை தரம் சுற்றினேனோ தெரியாது. அந்த ஆட்டத்தில் கடைசியில் நாங்கள் தோற்றோம். இரண்டே புள்ளி. நாலாவது இடத்துக்குக் கோப்பை கிடையாது, ஒரு காகிதம் மட்டும் கொடுத்தார்கள். அவன் முதலிலிருந்தே ஆடியிருந்தால் ஜெயித்திருக்கலாம் என்று இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். எனக்கும் அது தோன்றாமல் இல்லை.

ஆனால் இடைவேளை முடிந்து விசில் ஊதினபோது எனக்கு அதெல்லாம் தெரியாது. பலகைக்காரரிடம் கேட்க வாயெடுத்தேன். அவர் திரும்பி ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் தளத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ‘விடுங்கப்பா’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவன், தொண்டை கிழியக் கத்தினான்.

"இங்கன போடுல! இங்கன, இங்கன!"