தானாக அதிர்ந்த கம்பி

பாசிர் கூடாங் துறைமுக நகரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் என் தாய்மாமா ஷிப்டு வேலை பார்த்தார். ஓய்வு நாள்களில் கல்யாண விருந்துகளுக்குப் போகும் இசைக்குழுவில் பாஸ் கிட்டார் வாசிப்பார். விருந்துக்கு வந்தவர்கள் யாரும் அந்த வாத்தியத்தைக் கவனிப்பதில்லை. நின்றுபோனால் மட்டும், ஏதோ குறைகிறதே என்று பிரியாணித் தட்டிலிருந்து தலையைத் தூக்குவார்கள். மாமாவுக்கு அதுவே போதுமான பெருமை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அன்றைய விருந்து நடக்கவிருந்த மண்டபத்துக்கு என்னையும் காரில் கூட்டிப்போனார். மேசைகளில் வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடித் தம்ளர்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஆள் நடமாட்டமே இல்லை. ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர்தான் இருந்தார். அவரையும் மாமா, "நீ மாக்கான் போய்ட்டு வா லா, நான் பார்த்துக்கிறேன்" என்று வற்புறுத்திச் சாப்பிட அனுப்பிவிட்டார்.

பிறகு என்னை மண்டபத்தின் நடுவில் நிறுத்தி, மேடையிலிருந்து ஒரே ஒரு சுரத்தை வாசித்தார். அது காதுக்கு வருமுன்பே என் வயிற்றுக்குள் வந்துவிட்டது.

"எப்படி இருக்கு பாப்பா?"

"கஞ்சி மாதிரி கொழகொழன்னு இருக்கு மாமா."

அவர் சிரிக்கவில்லை. என் வாயையே உற்றுப் பார்த்தார். மிக்சர் பெட்டியில் ஒலியின் அடிக்கனத்தைக் குறைத்து, நடு ஒலியைக் கொஞ்சம் ஏற்றி மறுபடி வாசித்தார், மறுபடி கேட்டார். சுவர் மூலையில் ஒட்டிக் கிடந்த பெரிய ஸ்பீக்கரை மூச்சிரைக்க மேடைப் பக்கம் இழுத்து வைத்தார். நான் சொல்லச் சொல்ல ஒலி திரண்டு வந்தது. கடைசியில் ஒவ்வொரு சுரமும் தரையில் விழுந்த பந்துபோலத் தனித்தனியாகத் துள்ளியது. ஒரு பெரியவர் என் பேச்சைக் கேட்டு நடந்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமா கிட்டாரை அப்படியே ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு, தண்ணீர் குடிக்க என்னிடம் இறங்கி வந்தார். அப்போதுதான் அது ஆரம்பித்தது.

முதலில் எங்கோ தூரத்தில் லாரி வருவதுபோல இருந்தது. பிறகு தம்ளர்கள் கிணுகிணுவென்று நடுங்கின. மேடையைப் பார்த்தேன். யாரும் தொடாத கிட்டாரில் தடித்த கம்பி மட்டும் மங்கலாகி, அகலமாகி, அதிர்ந்துகொண்டிருந்தது.

"மாமா, யாரோ வாசிக்கிறாங்க."

"நான்தான் நிப்பாட்டிட்டேனே," என்றார், போத்தல் மூடியைத் திருகியபடி.

"இல்ல மாமா, இன்னும் கேக்குது! பெருசாகுது!"

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். என் பற்கள்வரை அந்த ஓசை ஏறியிருந்தது. அவர் முகத்திலோ ஒன்றுமே இல்லை. எனக்கு மட்டும் கேட்கிறது என்று புரிந்தபோது அழுதபடி மேடையைக் காட்டினேன். மாமா நடுங்கும் தம்ளர்களைப் பார்த்தார். ஓடிப்போய் உள்ளங்கையால் கம்பிகளை அழுத்தினார். ஓசை சட்டென்று அறுந்தது. அதன் பிறகும் நெடுநேரம் அவர் கையை எடுக்கவில்லை. அப்படி வெளிறிய முகத்தை நான் அவரிடம் பார்த்ததேயில்லை.

"அத்தைகிட்ட சொல்லாத பாப்பா. யார்கிட்டயும் சொல்லாத."

சொல்லவில்லை. இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தபோதும் சொல்லவில்லை. அம்மா பழியை ஐஸ் தண்ணீர்மேல் போட்டார்.

ஸ்பீக்கரின் அதிர்வு கம்பியை அசைக்கும், கம்பியின் ஒலி மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும், அப்படியே வளரும் என்று அந்த ஸ்பீக்கர் அண்ணன் எனக்கு விளக்கியபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மாமா இரண்டு காதிலும் கேட்கும் கருவி மாட்டத் தொடங்கியிருந்தார்.

அன்று மத்தியானம் எனக்கு அதெல்லாம் தெரியாது. மாமாவும் என்னைப் போலப் பேய்க்குத்தான் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். உடை மாற்ற வீட்டுக்குத் திரும்பும் வழியில், காரின் பின்னிருக்கையிலிருந்து, "பயப்படாதீங்க மாமா, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்," என்றேன். அவர் சாலையைப் பார்த்தே ஓட்டிக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை. கோபம் போலிருக்கிறது என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.