பத்தாவது சொல்

சனிக்கிழமை, காலை 8.50. மவுண்ட் ரோஸ்கிலில் எங்கள் தெருவிலிருந்து அடுத்த பேட்டையான எப்சம் நாலரை கிலோமீட்டர். காரில் போனால் பத்தே நிமிடம். நாங்கள் தூறலில் நடந்து கிளம்பினோம்.

டேவிட் அடுத்த வீட்டுக்காரர், யூதர். மருத்துவமனை ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்ப்பவர். எங்கள் ஷிப்டுப் பட்டியலைப் போடுவதும் அவர்தான். சனிக்கிழமை அவருக்கு ஓய்வுநாள். வண்டியில் ஏற மாட்டார், வெளியே எதையும் சுமக்க மாட்டார். கையில் எடுத்தால் சுமையாகிவிடும் என்று வீட்டுச் சாவியையே பெல்ட்டின் கொக்கியாக மாட்டியிருந்தார். இன்று அவர் அம்மாவின் நினைவுநாள். அதற்குரிய பிரார்த்தனையைச் சொல்லப் பத்து ஆண்கள் கூட வேண்டும். எப்சமில் ஒரு வீட்டு முன்னறைக்கு ஒன்பது பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பத்தாவது ஆள் இவரே. பத்து மணிக்குள் போகாவிட்டால் கலைந்துவிடுவார்கள்.

என் அம்மாவின் திதி வரும் புதன்கிழமை. அன்றைக்கு லீவு கேட்கலாம் என்றுதான் ஒட்டிக்கொண்டேன். "வேலைப் பேச்சு நாளைக்கு," என்று எடுத்த எடுப்பிலேயே வாயை அடைத்துவிட்டார்.

9.15. மவுண்ட் ஆல்பர்ட் சாலையில் மழை வலுத்தது. குடையை விரித்து அவர் பக்கம் நீட்டினேன். விலகினார். குடை விரிப்பது கூடாரம் போடுவதற்குச் சமமாம். இன்று அதுவும் ஆகாது.

"நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்காக வேண்டாம்."

நனைகிறவர் பக்கத்தில் குடையோடு நடக்க வெட்கமாக இருந்தது. எனக்கும் ரோஷம் வந்து மடக்கிவிட்டேன்.

9.30. த்ரீ கிங்ஸ் நிறுத்தத்தில் பஸ் நின்றது. ஓட்டுநர் என் பொட்டைப் பார்த்துத் தமிழிலேயே கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஏறுங்கோ அக்கா. ரெண்டு பேரும் தெப்பமா நனைஞ்சு போனியள்."

"வேண்டாங்க, நடந்தே போறோம்."

"இந்த மழைக்குள்ளயோ? அவருக்கென்ன விசரோ, பைத்தியமோ?"

"அவரோட அம்மாவுக்காகங்க."

டேவிட்டை ஒருமுறை பார்த்தார். "ஓம், அப்ப கெதியா நடவுங்கோ, பிந்தக்கூடாது."

9.58. அந்த முன்னறை. ஆட்களை எண்ணக்கூடாது என்பதால், பத்துச் சொல் கொண்ட ஒரு வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிச் சரிபார்க்கிறார்கள். ஒன்பது சொல் ஆகியிருந்தது. ஒருவர் கோட்டை மாட்டத் தொடங்கிவிட்டார். பத்தாவது சொல், வாசலில் மூச்சிரைக்க நின்ற டேவிட்டுக்குக் கிடைத்தது.

பின்னால் ஈரம் சொட்ட உட்கார்ந்தேன். அந்தப் பத்தில் பெண்ணான எனக்கு இடமில்லை; அது உறுத்தியது, மறைப்பானேன். அந்தப் பிரார்த்தனையில் சாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையாம், கடவுளைப் புகழ்வது மட்டும்தானாம். டேவிட் அதை எழுந்து நின்று சொல்ல, மற்றவர்கள் "ஆமென்" என்றபோது அழுதுவிட்டேன். போன வருடம் அம்மாவின் திதியை ஆஸ்பத்திரி கார் பார்க்கில் வீடியோ காலில் முடித்தேன். சென்னையில் அண்ணன் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தான். நான் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தேன்.

12.40. நடந்தே திரும்பினோம். மழை விட்டிருந்தது. வாசலில் டேவிட் நின்றார்.

"காலையில் ஏதோ கேட்க வந்தீர்களே?"

"நாளைக்குப் பேசலாம்," என்றேன்.

லீவு கேட்கும் எண்ணம் போய்விட்டிருந்தது. புதன்கிழமை அம்மாவின் திதி, வரமாட்டேன் என்று சொல்லிவிடுவேன்.