மற்றப் பிள்ளைக்கு ஒரு துணி

நான்கு வருடங்களுக்கு முன், மாரி மழை பிடித்துக்கொண்ட நேரம். வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள். பழுகாமத்திலிருந்து வாவியைக் கடந்து மட்டக்களப்புக்கு ஸ்கேன் எடுக்கப் போன என்னிடம், இடப்பக்கத்துப் பிள்ளையின் இதயம் நின்றுவிட்டது என்றார் டொக்டர். இருவருக்கும் நஞ்சுக்கொடி தனித்தனி என்பதால் வலப்பக்கத்துப் பிள்ளையைக் காப்பாற்றலாம். ஆனால் வெளியே எடுத்தால் பிழைக்கும் அளவுக்கு அது இன்னும் வளரவில்லை. அதுவரை இரண்டையும் சுமக்கத்தான் வேண்டும் என்று வார்ட்டில் மறித்துவிட்டார்.

அழுதால் பிரஷர் ஏறும் என்றார்கள். சாப்பிடாவிட்டால் இருக்கிற பிள்ளைக்குக் கேடு. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பாட்டுத்தான்: "ஒண்டாவது மிஞ்சிச்சே." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "புள்ள துடிக்குதா?" என்று தாதி கேட்க, "ஓம்" என்பேன். சொன்ன கையோடு மற்றதுக்குத் துரோகம் செய்ததுபோல் இருக்கும்.

பக்கத்துக் கட்டிலில் காத்தான்குடி முஸ்லிம் பெண் ஒருவர்; மூத்தவர் என்பதால் ராத்தா என்று கூப்பிடுவேன். முன்பு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறியவர். இந்த முறையும் பிரஷர் கூடிப் படுக்கையில் கிடந்தார். அவர் மட்டும்தான் கேட்டார்: "மத்தப் புள்ள எந்தப் பக்கம்கா இரிக்கி?"

இடப்பக்கத்தைக் காட்டினேன். அதில் கை வைத்து மெல்ல ஏதோ ஓதினார். அன்றுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

சில வாரங்களில் பன்னீர்க்குடம் உடைந்து, சீசர் செய்து மகளை எடுத்தார்கள். சின்னஞ்சிறிசு, ஆனால் அழுதாள். தாதி வார்ட்டுக்கு வந்து என் அக்காவிடம் மற்றப் பிள்ளைக்கும் துணி கேட்டிருக்கிறார். இரண்டிரண்டாக வாங்கிய துணிகளில் ஒரு பங்கை, நான் கண்டு கலங்கக் கூடாதென்று அக்காதான் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார். உயிரோடிருக்கும் பிள்ளையின் துணியை இதற்குக் கொடுத்தால் அதற்கும் ஏதும் ஆகிவிடுமோ என்று அவருக்குப் பயம். பையைப் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றாராம்.

ராத்தா எழும்பி, பிறக்கப்போகும் தன் பிள்ளைக்கென்று வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து அக்காவிடம் நீட்டியிருக்கிறார். "இதுவும் புள்ளதானே. எடுங்க, தங்கச்சி."

அந்தத் துணியில் சுற்றித்தான் என் மகனை எனக்குக் காட்டினார்கள்.

நான் வார்ட்டுக்குத் திரும்பியபோது அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். ராத்தாவைப் பிரசவத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். பிறகு என்ன நடந்தது என்று யாரையும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்றும் மகள் முற்றத்தில் ஓடும்போதெல்லாம், அந்த ராத்தாவின் பிள்ளையும் எங்கேயோ இப்படி ஓடித் திரிய வேண்டும், அந்த ஒரு துணி குறைந்ததால் அதற்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.