மல்லாட்டைக் கொல்லையில் இறங்கிய பலூன்

திண்டிவனத்திலிருந்து திருவக்கரை போகும் வழியில் இருக்கிறது எங்கள் கொல்லை. ஒரு நாள் காலையில் நானும் வீட்டுக்காரரும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தபோது, கூடை கட்டிய ராட்சத பலூன் ஒன்று எங்கள் பக்கமாக இறங்கியது. காற்று தள்ளிக்கொண்டு வந்துவிட்டதாம். அதற்கு ஸ்டியரிங்கே கிடையாது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"அக்கா, எங்க ஆளுங்க ஜீப்புல வந்துகினு இருக்காங்க. அதுவரைக்கும் கூடைய அமுக்கிப் பிடிச்சுக்குங்க" என்றார் பைலட்.

ஓடிப்போய்ப் பிடித்தேன். உள்ளே இருந்த இரண்டு பேர், தரையைக் கண்ட சந்தோஷத்தில், அவர் சொல்வதற்குள் ஒன்றாக வெளியே குதித்துவிட்டார்கள். பாரம் குறைந்ததும் கூடை எழும்பியது. என் காலும் தரையை விட்டது.

"விடுங்கக்கா, விடுங்க!" என்று பைலட் கத்தினார்.

"வுடாத! கெட்டியா புடிச்சிக்க!" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

இப்போதுதானே பிடிக்கச் சொன்னார்கள்? யார் பேச்சைக் கேட்பது? குழப்பத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஆள் உயரம் போனதும் கை தானாக நழுவியது. பிடுங்கிப் போட்டிருந்த செடிக் குவியல்மேல் விழுந்ததால் பிழைத்தேன்.

பைலட் கயிற்றை இழுத்து, சூடான காற்றை வெளியேற்றி, வரப்போரம் இறக்கினார். "கால் தரையில இருக்கிற வரைக்குந்தான் பிடிக்கணும். முதல்லயே சொல்லியிருக்கணும், மன்னிச்சுக்குங்க" என்றார்.

"நீங்க ஏன் வுட வேணான்னு சொன்னீங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"எனக்கே தெரியல. வாயில வந்துச்சு."

இப்போதெல்லாம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் யாராவது பையைக் கொஞ்சம் பிடிக்கச் சொன்னால்கூட, எப்போது விடவேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுகிறேன்.